துணைக்குப் போன சீவல்

என் அண்ணி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டால், பார்க்கிறவர்கள் ஏதோ கல்யாணத்துக்குப் போகிறார் என்றுதான் நினைப்பார்கள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, முகம் கழுத்தெல்லாம் பவுடர். பல் பிடுங்கப் போனாலும் அதே அலங்காரம்தான். "நாலு பேரு பாக்குற எடம்லா. பால் மரம் வெட்டுறவன்னா நாத்தத்தோடதான் வருவான்னு அவங்க நெனச்சிருப்பாங்க. அந்த நெனப்ப மாத்தணும்ல?" என்பார். ரப்பர் பால் வாடை எத்தனை சோப்பு போட்டாலும் உடம்பை விட்டுப் போகாது என்று அவருக்கு ஒரு பயம். அந்தப் பயத்தின் மேல்தான் அவ்வளவு பவுடரும்.

அண்ணன் குடும்பம் மலாய் நாட்டில் ஆயர் தாவார் ஊர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. நானும் அதே தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள்தான். எப்படியோ படித்து, எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு நோயியல் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன் வேலை கிடைத்து, அங்கேயே புந்தோங் பகுதியில் வாடகை வீடு எடுத்துத் தங்கியிருந்தேன். அறுவை செய்து எடுக்கிற சதைத் துண்டுகள் எங்களிடம் வரும். அவற்றை மருந்தில் ஊறவைத்து, உருக்கிய மெழுகில் புதைத்து, மெழுகு இறுகியதும் வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடிச் சில்லில் ஒட்டிச் சாயம் ஏற்றி டாக்டருக்குக் கொடுப்போம். டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, நல்லதா கெட்டதா என்று சொல்வார்.

அண்ணிக்கு இந்த வேலையைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒரு முறை என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணுக்கு என்ன வேலை?" என்று கேட்டபோது, நான் வாய் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டு, "ஈப்போவுல மெழுகுவத்தி செய்யுற வேலை" என்று சொல்லிவிட்டார். அவர்கள் போன பிறகு நான் குதித்தேன். "பின்ன? மனுசச் சதையச் சீவுதுன்னு சொல்லச் சொல்றியா? காப்பிகூட குடிச்சிருக்க மாட்டாங்க" என்றார். கரண்டு வந்துவிட்ட காலத்தில் மெழுகுவத்திக்கு என்ன எதிர்காலம் என்று யோசித்தார்களோ என்னவோ, அவர்கள் திரும்பி வரவே இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தீபாவளி லீவுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அண்ணி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, "ஏ புள்ள, உனக்குத்தான் ஆஸ்பத்திரி விசயம் எல்லாம் தெரியுமே. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு பிரச்சனை" என்றார்.

பக்கத்து வீட்டு அக்காவும் அண்ணியும் ஒரே பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தவர்கள். ரப்பர் காட்டிலும் அடுத்தடுத்த நிரையில்தான் மரம் வெட்டினார்கள். காலையில் சுவர் வழியாகச் சண்டை போடுவார்கள். மத்தியானம் அதே சுவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கறி பரிமாறிக்கொள்வார்கள்.

"என்ன பிரச்சனை?"

"நாள் இல்லாத நாள்லயெல்லாம் ரத்தம் படுதாம். புருசன் கிட்ட வந்தாலும் படுதாம். பாவம், வெளிய சொல்ல வெக்கப்படுறா."

"அந்த அக்கா புருசன் செத்துத்தான் ரொம்ப வருசமாச்சே அண்ணி?"

அண்ணியின் கை முறுக்கு அச்சோடு அந்தரத்தில் நின்றது. எண்ணெய் பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. நான் சிரித்துவிட்டேன். ஊரில் அத்தனை சுமங்கலிகள் இருக்க, பொய் சொல்லத் தெரியாமல் ஒரு விதவையைப் பிடித்து வைத்திருக்கிறாரே என்று சிரிப்பு. பிறகு, அப்படியானால் இது யாருக்கு என்பது உறைத்தது. சிரிப்பு நின்றுபோனது.

"எத்தன நாளா?" என்றேன்.

"இருக்கும்லா கொஞ்ச நாளா" என்று முறுக்கைத் திருப்பிப் போட்டார். "டாக்டர்கிட்ட வாரேன். நீ எங்க கூப்புட்டாலும் வாரேன். கே.எல். மட்டும் போவச் சொல்லாத. சொன்னா இப்பவே வரல."

கே.எல். என்றால் எங்கள் தோட்டத்தில் கோலாலம்பூர் என்று மட்டும் அர்த்தம் இல்லை. கர்ப்பப்பை வாயில் புற்று என்று தெரிந்தால் கரண்டு வைக்க அங்கேதான் அனுப்புவார்கள். கதிர் வைத்தியத்தை எங்கள் பக்கம் கரண்டு வைப்பது என்றுதான் சொல்லுவோம். அப்படிப் போன பெண்கள் யாரும் பிழைத்து வந்ததாக லயத்தில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பச்சிலை, போமோ என்கிற மலாய் மந்திரவாதி, மந்திரித்த தண்ணீர் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, நடக்க முடியாமல் போன பிறகுதான் போனார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பழியை கே.எல். சுமந்தது. அண்ணி ஒன்று சொன்னால் சொன்னதுதான். புற்று என்று முடிவாகிவிட்டால் இவர் போகமாட்டார், போகாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

சீக்கிரமே ஈப்போவுக்கு வரவழைத்துவிட்டேன். கர்ப்பப்பை வாயில் லேசாக வழித்து எடுத்துக் கண்ணாடியில் பூசிப் பார்க்கிற பரிசோதனை. ஊசி இல்லை, வலி இல்லை என்று சொல்லியிருந்தேன். அண்ணி வழக்கமான கல்யாண அலங்காரத்தோடு வந்து இறங்கினார். முடித்துவிட்டு, "நர்ஸ் மிஸ்ஸி என் புடவையப் பாத்து எங்க வாங்குனீங்கன்னு கேட்டுச்சு" என்ற பெருமையோடு ஊருக்குப் பஸ் ஏறினார்.

அந்தக் கண்ணாடிச் சில்லு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கே வந்தது. எங்கள் டாக்டரம்மா ஈப்போ சீனர். வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே என்னைக் கூப்பிட்டார். "ஐயோ, இங்கே வந்து பார். இது உன் அண்ணியா, கறிப் பவுடரா?"

பார்த்தேன். மஞ்சளாகத் திட்டுத் திட்டாக ஏதோ கிடந்தது. நடுநடுவே பவுடர் துகள்கள் மினுமினுத்தன. உயிரணு என்று சொல்ல மருந்துக்குக்கூட ஒன்று இல்லை. நடந்தது என்னவென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பெண்கள் கோயிலுக்குப் போனாலும் டாக்டரிடம் போனாலும் மஞ்சள் தேய்த்துக் குளிக்காமல் படி இறங்கமாட்டார்கள். அண்ணி அதோடு நிற்கவில்லை. மஞ்சளும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரால் உள்ளேயும் அலசிக் கழுவி, மேலே பவுடரும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க?"

"கேக்குறா பாரு கேள்வி! டாக்டரு அங்கதான பாக்கப் போறாங்க? அப்ப அங்கதான சுத்தமா இருக்கணும்? வீட்டுக்கு ஆள் வருதுன்னா வாசலக் கூட்டாம வெப்பியா நீ?"

மறுபடி வரவேண்டும், இந்த முறை உள்ளே கழுவக் கூடாது என்றதும் முகம் சிவந்துவிட்டது. அவருக்கு நோயைவிட அது பெரிய அவமானம். அழுக்காக வரச் சொல்கிறாள் என்று அண்ணனிடம் என்னைப் பற்றிப் புகார் போனது. கடைசியில் உடம்புக்குக் குளிக்கலாம், பூ வைக்கலாம், முகத்துக்கு எவ்வளவு பவுடர் வேண்டுமானாலும் போடலாம் என்று உடன்பாடு ஏற்பட்டது. நம்பிக்கை இல்லாமல் முந்தைய நாளே புந்தோங் வீட்டுக்கு வரவழைத்து, குளியலறை வாசலில் நின்று காவல் காத்தேன். "உங்கண்ணன்கூட என்னைய இப்பிடிக் காவல் காத்தது இல்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இரண்டாவது சில்லைப் பார்த்தபோது டாக்டரம்மா வேடிக்கை பேசவில்லை. கெட்ட உயிரணுக்கள் இருந்தன. கர்ப்பப்பை வாயிலிருந்து கூம்பு மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள்.

அண்ணன் தோட்டத்திலிருந்து வந்தார். அறுவை அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனுஷன். நான் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிவந்த காப்பியைக் கொடுத்தபோது, "அவ இல்லாட்டி எனக்கு ஒண்ணும் தெரியாது. என் சட்ட எங்க இருக்குன்னுகூடத் தெரியாது" என்றார். அப்புறம் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

அந்தத் துண்டும் எங்களிடமே வந்தது. "வேற ஆளிடம் கொடுக்கவா?" என்று டாக்டரம்மா கேட்டார். நானே செய்கிறேன் என்றேன். அறுவைக்குப் போவதற்கு முன்பு அண்ணி என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்: "நீதான சீவுவ? மெல்லிசா சீவு. மரத்துல கத்தி பட்டுறாம." நல்ல வெட்டுக்காரி பட்டையை மட்டும் சீவுவாள், உள்மரத்தில் காயம் பட்டால் மேற்பார்க்கிற மண்டோர் திட்டுவான். அண்ணி அந்தக் காட்டிலேயே சுத்தமான வெட்டுக்காரி. மெழுகுக் கட்டியைக் கருவியில் மாட்டியபோது எனக்கு அந்தக் குரல்தான் காதில் கேட்டது. இரண்டு சீவலை வீணாக்கிவிட்டு, வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் ஒழுங்காகச் சீவினேன்.

ஊதாவும் இளஞ்சிவப்புமான வழக்கமான சாயத்தில் முதல் சீவல்களைப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா எனக்குக் காட்டினார். மேல்தோல் அடுக்கு முழுக்கக் கெட்ட அணுக்கள். அந்த அடுக்குக்குக் கீழே ஒரு கோடு மாதிரி எல்லை உண்டு. அதைத் தாண்டாமல் நின்றால் அது இன்னும் புற்று ஆகவில்லை. எடுத்த துண்டோடு தீர்ந்துவிடும். தாண்டிவிட்டால் புற்று. கே.எல். போகவேண்டும். எல்லா இடத்திலும் கோடு சரியாக இருந்தது, ஒரு மூலையில் மட்டும் சதை சாய்வாகப் புதைந்துவிட்டதால் தாண்டியிருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. "இன்னும் ஆழமாச் சீவு. அதுவரைக்கும் நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்றார்.

சாயந்தரம் அண்ணியிடம் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "பட்டையோட நிக்குதா, மரத்துக்குள்ள போயிருச்சான்னு பாக்குறாங்க அண்ணி."

"போயிருந்தா?"

அண்ணி என் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போய் என் அடுப்படி அலமாரியில் இருந்த டப்பாக்களையெல்லாம் இறக்கி வேறு மாதிரி அடுக்க ஆரம்பித்தார். முடிவு வருகிற வரைக்கும் என் வீட்டில்தான் இருந்தார். அதற்குள் என் சீனி எங்கே, உப்பு எங்கே என்று எனக்கே தெரியாமல் போனது. அடுத்த வீட்டுக்காரியோடு குப்பைத்தொட்டிக்குச் சண்டை, அப்புறம் சமாதானம், அவளோடு போய்க் கச்சாங் பூத்தே கடலை வாங்கி வந்து கொறித்துக்கொண்டே ஊர்க்கதை. பகலெல்லாம் இப்படி. விளக்கை அணைத்த பிறகு மட்டும் புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேட்கும்.

டாக்டரம்மா அப்போது சொந்த ஆர்வத்தில் ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கர்ப்பப்பை வாயில் புற்றாவதற்கு முன்பும், ஆன பின்பும், அணுக்களுக்குள் என்னென்ன புரதம் வருகிறது என்று பார்க்கிற வேலை. சி.இ.ஏ. என்று ஒரு புரதம். தாய் வயிற்றில் இருக்கிற குழந்தையின் குடலில் அது நிறைய இருக்கும். பிறந்த பிறகு அடங்கிவிடும். சில புற்றுகளில் திரும்பத் தலைகாட்டும். அதைப் பிடிக்கிற மருந்துச் சீரம் ஒரு சின்னக் குப்பியில் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது. டாக்டரம்மா அதைத் தாலியைவிடப் பத்திரமாக வைத்திருந்தார். சீவலின் மேல் ஒரு சொட்டு விட்டு, ஈரப்பஞ்சு வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்து, கடைசியில் சாயம் ஊற்றினால், புரதம் இருக்கிற இடம் மட்டும் பழுப்பாகும். அண்ணியின் துண்டிலும் அதைச் செய்து பார்க்கலாம் என்றார்.

அண்ணிக்கு விளக்கினேன். காது கொடுத்துக் கேட்டார்.

"அதாவது, வயித்துப் புள்ளைக்கு இருக்கவேண்டியது எனக்கு இருக்காங்கிற?"

"இருக்கலாம்."

"பாத்தியா, உங்கண்ணன் என்னைய கெழவின்னு கூப்புடுறாரு. வரட்டும், சொல்றேன்."

முதல் தடவை சாயம் ஊற்றியபோது எனக்கு உயிரே போய்விட்டது. எங்கே பார்த்தாலும் பழுப்பு. மேல் அடுக்கு பழுப்பு, கோட்டுக்குக் கீழே பழுப்பு, அந்தச் சந்தேக மூலையில் அப்பிக் கிடந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா என் தோளைத் தட்டி, கூட வைத்த சில்லைப் பார்க்கச் சொன்னார். எப்போதும் ஒரு சில்லுக்குச் சீரமே போடாமல் வைப்போம். அது பழுப்பாகவே கூடாது. அதுவும் பழுப்பாகிக் கிடந்தது. ரத்த அணுக்கள் தாமாகவே பழுப்பாகிவிடும் என்பதால் முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி அவற்றை அடக்கவேண்டும். அந்தப் பாட்டிலில் வீரியம் போயிருந்தது. டாக்டரம்மா வீட்டிலிருந்து மங்குஸ்தான் பழம் கொண்டுவந்து குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார். இடம் வேண்டும் என்பதற்காக யாரோ பாட்டிலை எடுத்து வெயில் அடிக்கிற ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அவரேதான். முகம் சிவந்து சிரித்தார். அந்தப் பழத்தில் பாதி அன்றைக்கு எனக்குக் கிடைத்தது.

வீட்டுக்குப் போனதும் அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னவாம்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப கெட்டுப்போனது நான் இல்ல, மருந்து."

"ஆமா அண்ணி. நாளைக்கு மறுபடி பண்ணணும்."

"மருந்து கெட்டுப்போச்சுன்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

சீரம் போடாத சில்லைப் பற்றிச் சொன்னேன். அதோடு, புரதம் நிச்சயமாக இருக்கிறது என்று தெரிந்த வேறொரு சதையும் ஒவ்வொரு தடவையும் கூடப் போகும், அது பழுப்பானால்தான் சாயம் சரியாக வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம் என்றேன். எங்கள் பாஷையில் அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். அண்ணிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, "துணைக்கு ஒண்ணு போவும்" என்றேன். இதை அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். எங்கள் தோட்டத்தில் எந்தப் பெண்ணும் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனது கிடையாது. பிரசவமானாலும் காய்ச்சலானாலும் பக்கத்து வீட்டிலிருந்து ஒருத்தி துணைக்குப் போவாள். அன்றைய கூலி போனாலும் போவாள்.

"எனக்குத் துணைக்கு யாரு போனா?"

"யாரோ ஒரு ஆளோட குடல் அண்ணி. ரொம்ப நாளா அதத்தான் வெக்கிறோம்."

"ஆளுன்னா? ஆம்பளையா?"

"ஆமா."

அண்ணி கச்சாங் பூத்தே பொட்டலத்தைக் கீழே வைத்தார். "அடிப்பாவி! இந்தக் காரியத்துக்கு என்கூட ஒரு ஆம்பளையவா துணைக்கு அனுப்புன? உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன ஆவும்?"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணியும் சிரித்தார். ஆனால் விடவில்லை. "வெளையாட்டுக்குச் சொல்லல. பொம்பளைக்குப் பொம்பளைதான் போவணும். என்னோடது நல்லபடியா வந்துச்சுன்னா, இனிமே என்னையவே வெச்சுக்கச் சொல்லு உங்க டாக்டர்கிட்ட."

அடுத்த தடவை புதுப் பெராக்சைடு. இந்த முறை மேல் அடுக்குகளில் மட்டும் பழுப்பு, அழுத்தமாக, அழகாக. கோட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் துள்ளினேன். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "இந்தப் பழுப்பை நம்பி நான் எழுதமாட்டேன். அணு மாறிப்போச்சுன்னு இது சொல்லும், எவ்வளவு தூரம் போச்சுன்னு சொல்லாது. சொல்லுமான்னு பாக்கத்தானே இந்த ஆராய்ச்சியே." பிறகு ஆழமாகச் சீவிய சீவல்களை எடுத்து, பழைய ஊதா இளஞ்சிவப்புச் சாயத்திலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். அவர் ஒரு மூலையில் நிறுத்தி, நகர்த்தி, திரும்ப வந்து பார்த்தார். கடைசியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "தாண்டலை. ஓரமெல்லாம் சுத்தமா இருக்கு. கே.எல். வேண்டாம்" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று ஞாபகம் இல்லை. வாசலிலேயே "பட்டையோட நின்னுருச்சு அண்ணி" என்று சொல்லிவிட்டு அழுதேன். அண்ணி அழவில்லை. என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "மெழுகு உருகுது பாரு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் ரொம்பப் பயந்துட்டேன்லா" என்றார். அண்ணி அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அவருடைய யோசனையை டாக்டரம்மாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். புரதத்துக்கு ஆண் பெண் தெரியாது, எல்லாம் சாமா, ஒன்றுதான் என்றார். ஆனால் அந்தக் குடல் ஆசாமியின் மெழுகுக் கட்டி கிட்டத்தட்டத் தேய்ந்து முடிந்திருந்தது. அண்ணியின் சதையோ, கறந்த பால் மாதிரி ஒவ்வொரு தடவையும் ஒரே தரமாகப் பழுப்பானது. முடிவு சொல்லத் தேவையானதையெல்லாம் சீவி எடுத்த பிறகு, மிச்சக் கட்டிகளில் ஒன்று கண்ட்ரோல் ஆனது. அதற்குப் பிறகு அந்த ஆராய்ச்சிக்கு வந்த ஒவ்வொரு பெண்ணின் சில்லோடும் அண்ணியின் ஒரு சீவல் போனது. மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லாருக்கும் அண்ணிதான் துணை. காலையில் கட்டியைக் கருவியில் மாட்டும்போது நான் மனசுக்குள் "வாங்க அண்ணி, வேலை இருக்கு" என்று கூப்பிடுவேன். அவர் ஈப்போ வரும்போதெல்லாம் முதல் கேள்வியே, "இந்த மாசம் யாரு யாரோட போனேன்?" என்பதுதான். பேர் சொல்லக் கூடாது என்றால், "வயசாவது சொல்லு, புள்ளகுட்டி உண்டா சொல்லு" என்பார்.

அதற்குள் தோட்டத்தில் ரப்பர் மரங்களைத் தள்ளிச் செம்பனை போட ஆரம்பித்துவிட்டார்கள். லயத்தில் பாதிப் பேர் ஈப்போ, சித்தியவான் என்று போய்விட்டார்கள். அண்ணனும் அண்ணியும் ஈப்போவை ஒட்டிய சிம்பாங் பூலாய்க்கு வந்து, ஒரு பலகை வீட்டில் குடியேறினார்கள். அண்ணி ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் சேர்ந்தார். இப்போது ரப்பர் வாடை இல்லை, வெண்ணெய் வாடை. பவுடர் மட்டும் குறையவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்திலேயே தங்கிவிட்டார். ஒரே மகன் சிங்கப்பூரில் வேலை.

எண்பதுகளின் கடைசிப் பக்கம் ஒரு நாள் அண்ணி ஆய்வுக்கூடத்து வாசலுக்கே வந்து நின்றார். பட்டுப்புடவை இல்லை, பவுடர் இல்லை.

"உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்கு." பக்கத்து வீட்டு அக்காவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். அந்த அக்கா அவரிடம் அழுதிருக்கிறார். ரத்தம், ரொம்ப நாளாக. யாரிடமும் சொல்லவில்லை.

"அன்னைக்கு அவ பேரச் சொல்லித்தான உன்கிட்டப் பொய் சொன்னேன்?" அண்ணியின் உதடு துடித்தது. "என் வாயி பலிச்சிருச்சு புள்ள. நான் சொன்னதுதான் அவளப் புடிச்சிருச்சு."

வாய்ச்சொல்லால் புற்று வராது என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த அக்காவை வரவழைக்க என்னால் முடியவில்லை, அண்ணியால்தான் முடிந்தது. "எதுக்குப் பயப்படுற? உள்ள நான் இருக்கேன். உனக்கு முன்னாடியே போயி உக்காந்திருக்கேன், இவகிட்டக் கேளு" என்று என்னைக் காட்டினார். நானும் தலையாட்டினேன். பொய் இல்லையே. மஞ்சள் தண்ணீர் விஷயத்திலும் அண்ணியே காவல் இருந்தார்.

அக்காவின் சதைத் துண்டு வந்தது. பக்கத்தில் அண்ணியின் சீவலை வைத்தேன். ஒரே தட்டில் இரண்டையும் நிறுத்திச் சாயம் ஊற்றி, ஒன்றாகக் கழுவினேன். அண்ணியின் சில்லு எப்போதும் போல அழுத்தமாகப் பழுப்பானது. அக்காவினுடையதில் சாயத்தைப் பார்க்கவே தேவை இருக்கவில்லை. கோடு எங்கே என்றே தெரியவில்லை. தாண்டிப் போயிருந்தது. ஆனால் தொலைதூரம் போகவில்லை, உடனே கரண்டு வைத்தால் வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். உடனே என்றால் கே.எல்.

அக்கா வேண்டாம் என்றுதான் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். "தனியாப் போயி அங்க சாவுறதுக்கு இங்கயே கெடந்து போறேன்."

அண்ணி எழுந்து நேரே வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் ஈப்போ பஸ் நிலையத்தில் வந்து நின்றவர் பழைய அண்ணி. தலை நிறையப் பூ, கல்யாணப் பட்டு, முகம் வெளுக்கப் பவுடர். கையில் இரண்டு பேருக்குமாக இரண்டு துணிப்பைகள், பக்கத்தில் அவர் துணைக்கு வருகிறார் என்றதும் ஒத்துக்கொண்ட அக்கா. பிஸ்கட் தொழிற்சாலையில் லீவு கேட்டாராம், கிடைக்கவில்லையாம், வேலையை விட்டுவிட்டாராம்.

"அண்ணி, இது கே.எல். பஸ்லா" என்றேன்.

"தெரியும்லா. பஸ்ல எழுதியிருக்கே." அக்காவின் கையைப் பிடித்து முதலில் ஏற்றிவிட்டார். படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பவுடர் கலையக் கூடாதே என்று முந்தானை நுனியால் ஒற்றிக்கொண்டார்.

வாரக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள், அக்காவுக்குத் தூரத்து உறவு ஒருவர் வீட்டில். அண்ணன் சட்டையைத் தேடித் தேடி என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில்தான் அண்ணியின் மெழுகுக் கட்டியும் தீர்ந்தது. ஒரு காலையில் கருவியை ஓட்டினேன். வெறும் மெழுகுதான் சுருண்டு வந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் திரும்பி வந்த அன்றைக்கு பஸ் நிலையத்துக்குப் போனேன். அக்கா இளைத்திருந்தார், மெதுவாக நடந்தார், ஆனால் தன் காலால் நடந்து இறங்கினார். பின்னால் இரண்டு பையையும் சுமந்துகொண்டு அண்ணி. கே.எல். சாப்பாட்டில் உப்பே இல்லை, அங்கே யாருக்கும் சிரிக்கத் தெரியவில்லை என்று இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். அக்கா, "நீ போட்ட சண்டைக்கு யாரு சிரிப்பா?" என்றார். பழைய பலகைச் சுவர்க் குரல்.

டாக்சிக்கு நடக்கும்போது அண்ணி என் பக்கம் சாய்ந்து, "ஆமா, இந்த மாசம் யாரு யாரோட போனேன்?" என்று கேட்டார்.

"கட்டி தீந்துபோச்சு அண்ணி. இனிமே சீவ ஒண்ணும் இல்ல."

அண்ணி ஒரு பையை என் கையில் கொடுத்துவிட்டு, காலியான கையால் அக்காவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"போவட்டும் விடு. இனிமே யாராவது இருந்தா சொல்லு, நானே போறேன்."